ஊர்ப் பெயரில் தேடினால் கிடைக்காத அனுமதிகள்

திருக்கடையூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் அபிராமி சன்னதியில் அறுபதாம் கல்யாணத்தையோ எண்பதாம் கல்யாணத்தையோ முடித்துக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிடுகிறார்கள். இங்கேயே வாழ்கிறவர்களின் கண்ணில் படும் திருக்கடையூர் வேறு. காவிரி கடைசியாக வந்து சேரும் கடைமடை வயல்கள். கிழக்கே சின்னங்குடி கடற்கரை. பக்கத்திலேயே பிள்ளைப்பெருமாநல்லூரில் 2001-இல் ஓடத் தொடங்கிய 330.5 மெகாவாட் மின் நிலையம். கரையோரக் கிராமங்களில் இறால் குட்டைகள். கல்யாணக் கூட்டத்தை நம்பி எழுந்த விடுதிகளும் மண்டபங்களும். தெற்கே காரைக்காலில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம். மேற்கே குத்தாலம் பக்கம் அதன் எரிவாயுக் கிணறுகள்.

இவற்றில் எந்தத் தொழிலும் அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது. எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், கழிவுநீரை எங்கே விடலாம், எந்த அளவுக்கு மேல் புகை போகக் கூடாது, எத்தனை ஆண்டுக்கு இந்த அனுமதி செல்லும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட நிபந்தனைகள் உண்டு. குடிதண்ணீர் கரித்துப்போனால், வாய்க்காலில் நுரை வந்தால், ஊர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி ‘யார் அனுமதி கொடுத்தது?’ என்பதுதான். அதற்கு விடை அரசு இணையதளங்களில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. இருக்கிறதா, இருந்தால் இவ்வூர் அடங்கிய செம்பனார்கோயில் ஒன்றியத்து விவசாயி ஒருவரால் அதைக் கண்டெடுக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணங்களில் பெரும்பகுதி பூட்டி வைக்கப்படவில்லை. ஆனால் அவை விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயரிலும் கோப்பு எண்ணிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாதிக்கப்படும் ஊரின் பெயரில் அடுக்கப்படவில்லை. நிறுவனத்தின் பெயரை ஏற்கெனவே அறிந்தவருக்குக் கதவு திறக்கிறது. தன் ஊரின் பெயரை மட்டும் அறிந்தவருக்கு அது மூடியே இருக்கிறது.

நான்கு அனுமதிகள், நான்கு அலுவலகங்கள்

சுற்றுச்சூழல் அனுமதி என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒற்றைத் தாள் இல்லை. காவிரி டெல்டாவின் கடலோரத்தில் குறைந்தது நான்கு வகை அனுமதிகள் புழங்குகின்றன.

முதலாவது, 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி தரப்படும் சுற்றுச்சூழல் அனுமதி. இந்த ஏற்பாடு முதன்முதலாக 1994-இல் வந்தது. பெரிய திட்டங்களுக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகமும், மற்றவற்றுக்கு மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும் இதை வழங்குகின்றன. இவற்றுக்கான பொதுத் தளமே 2018 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்ட பரிவேஷ்.

இரண்டாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி. 1991-இல் வந்த அறிவிக்கை 2011-லும் 2019-லும் புதிதாக எழுதப்பட்டது. ஒரு நிலம் எந்த மண்டலத்துக்குள் வருகிறது என்பதைக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களே சொல்கின்றன.

மூன்றாவது, தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் தரும் இசைவாணை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் இதற்கு அடிப்படை. தொழிலைத் தொடங்கும் முன் ஓர் இசைவாணை, இயக்க இன்னோர் இசைவாணை. பின்னர் குறித்த காலத்தில் புதுப்பிப்பு. தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மாசின் அளவுக்கேற்பப் பிரித்திருக்கிறார்கள். அறைகளின் எண்ணிக்கையையும் கழிவுநீரின் அளவையும் பொறுத்துத் தங்கும் விடுதிகளும் இந்தப் பட்டியலுக்குள் வரும்.

நான்காவது, இறால் பண்ணைக்கான பதிவு. இதைச் சென்னையில் இருக்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் தருகிறது. விவசாய நிலத்தைக் குட்டையாக மாற்றக் கூடாது, குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் இன்ன தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதிகள் இந்தப் பதிவோடு சேர்ந்தவை.

இவை வெவ்வேறு தளங்களில், வெவ்வேறு விதமான எண்களோடு சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்துக்குத் தரப்பட்ட அனைத்து அனுமதிகளையும் ஒருசேரக் காட்டும் பக்கம் பொதுமக்களுக்கு இல்லை.

சட்டம் திறந்து வைத்திருக்கிறது

அதிகம் பேசப்படாத ஒரு செய்தி இது. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தியச் சட்டம் இந்த ஆவணங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நீர்ச் சட்டத்தின் 25(6)-ஆம் பிரிவு, இசைவாணை நிபந்தனைகள் அடங்கிய பதிவேட்டை ஒவ்வொரு மாநில வாரியமும் பராமரிக்க வேண்டும் என்கிறது. கழிவு வெளியேற்றத்தால் பாதிக்கப்படுகிறவரோ அதில் அக்கறை உள்ளவரோ உரிய நேரத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றும் சொல்கிறது. காற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவும் இதே உரிமையைத் தருகிறது. வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் ‘25(6) பதிவேட்டைக் காட்டுங்கள்’ என்று எழுத்தில் கேட்க எந்த விவசாயிக்கும் உரிமை உண்டு. இந்தப் பிரிவை நம் விவசாய சங்கங்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் கண்ட முதல் மாநிலம் தமிழ்நாடு; ஆண்டு 1997. பின்னர் வந்த 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, யார் யாருக்கு அனுமதிகள் தரப்பட்டன என்ற விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. 2006 அறிவிக்கையும் இதே திசையில் போகிறது. அனுமதி பெற்ற நிறுவனம் அந்தச் செய்தியை உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும். ஆணையின் நகலை ஊராட்சிக்குத் தர வேண்டும். ஊராட்சி அதை 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பது பற்றிய அரையாண்டு அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் தர வேண்டும். அந்த அறிக்கையும் பொது ஆவணமே.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1984-இல் போபாலில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, பக்கத்து ஆலையில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்ற உண்மை உலகத்தை உலுக்கியது. அமெரிக்கா 1986-இல் ஒரு சட்டம் இயற்றி, எந்த ஆலை எந்த நச்சுப்பொருளை எவ்வளவு வெளியேற்றுகிறது என்ற பட்டியலை ஊர்வாரியாக மக்கள் முன் வைத்தது. இழப்பு நம்முடையது. அந்த இழப்பிலிருந்து பிறந்த பாடத்தை அவர்கள் ஊர்ப் பெயரில் தேடக் கூடிய பட்டியலாக மாற்றிக்கொண்டார்கள். நாமோ சட்டத்தில் அதற்கு இடம் வைத்திருந்தும், ஊர்ப் பெயரில் அடுக்கும் வேலையைச் செய்யாமல் விட்டோம்.

தேடிப் பார்க்கும்போது

பரிவேஷ் தளத்தில் தேடுகிறவரிடம் மாநிலம், துறை, திட்டத்தின் பெயர், முன்மொழிவு எண் போன்றவை கேட்கப்படும். எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ‘ஐ.ஏ.’ என்று தொடங்கினால் ஒன்றிய அமைச்சகம் பார்த்த கோப்பு, ‘எஸ்.ஐ.ஏ.’ என்று தொடங்கினால் மாநில ஆணையம் பார்த்தது. அடுத்து வரும் ‘டி.என்.’ தமிழ்நாட்டைக் குறிக்கும். கோப்பு கிடைத்துவிட்டால் விண்ணப்பப் படிவம், தாக்க மதிப்பீட்டு அறிக்கை, நிபுணர் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, இறுதி ஆணை ஆகியவற்றைத் தேடிப் பார்க்கலாம். இவற்றில் கூட்டக் குறிப்பை முதலில் படிப்பது நல்லது. நிபுணர்கள் எழுப்பிய ஐயங்களும் அதற்கு நிறுவனம் சொன்ன பதிலும் அங்கேதான் இருக்கும்.

ஊர்ப் பெயரில் தேடுகிறவருக்குத் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தளம் ஆங்கிலத்தில் இயங்குகிறது. திருக்கடையூர் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். திருக்கடவூர் என்ற பழைய வடிவமும் உண்டு. ஓர் எழுத்து மாறினால் கோப்பு வராது. எரிவாயுத் திட்டங்களில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக உரிமப் பகுதியின் பெயரே தலைப்பில் இருக்கும்; எந்தக் கிணறு எந்த ஊரில் என்பது உள்ளே ஏதோ ஒரு பின்னிணைப்பில் கிடக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் மாவட்டத்தின் பெயர். இந்த ஊர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம். 1991 அக்டோபரில் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஆகவே மின் நிலையத்தின் பழைய தாள்கள் நாகப்பட்டினத்தின் கீழும், புதிதாக வரும் விண்ணப்பங்கள் மயிலாடுதுறையின் கீழும் இருக்கும். மயிலாடுதுறை என்று மட்டும் தேடுகிறவர் இங்கே எந்தத் தொழிலும் நடக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடும். தேடுகிறவர்கள் மூன்று மாவட்டப் பெயர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும்; ஊர் அடங்கிய தரங்கம்பாடி வட்டத்தின் பெயரிலும் தனியே தேட வேண்டும்.

காலமும் ஒரு தடை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான இணையவழி விண்ணப்பம் 2014-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய திட்டங்களின் தாள்கள் முழுமையாக இணையத்தில் இல்லை. பரிவேஷ் தளம் புதிய வடிவத்துக்கு மாறிய காலத்தில், முன்பு எளிதாகக் கிடைத்த ஆவணங்களும் கிடைக்கவில்லை என்று சூழலியல் ஆர்வலர்கள் வெளிப்படையாக முறையிட்டார்கள். ஒரு தாளைக் கண்டதும் தரவிறக்கிப் பத்திரப்படுத்துவதே பாதுகாப்பு. நாளைக்கு அதே இணைப்பு வேலை செய்யும் என்று நம்பி இருக்கக் கூடாது.

தாமதத்தின் விலை

ஆவணம் கிடைக்கத் தாமதமானால் என்ன, என்றைக்காவது கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 16-ஆம் பிரிவுப்படி, சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதற்குமேல் கதவு அடைந்துவிடும்.

இந்த 90 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? அருணாசலப் பிரதேசத்து நீர்மின் திட்டம் ஒன்றைப் பற்றி மோன் பகுதிக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், 2013-இல் தீர்ப்பாயம் தெளிவான விளக்கம் தந்தது. ஆணை கையெழுத்தான நாள் முக்கியம் இல்லை. நிபந்தனைகளோடு கூடிய முழு ஆணை பொதுமக்கள் பார்க்கும்படி வெளியான நாளே கணக்கு. ஆகவே இணையதளத்தில் ஆணை ஏறும் நாள் வழக்காடும் உரிமை தொடங்குவதற்கும் முடிவதற்கும் அளவுகோலாகிறது. தளத்தில் ஏறிய ஆணை ஊர்ப் பெயரில் தேடினால் அகப்படாமல் கிடந்தாலும், நாள்கள் கழிந்துகொண்டே இருக்கும்.

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிலுக்கு 30 நாள். பதில் வராமல் முதல் மேல்முறையீட்டுக்குப் போனால் 30 முதல் 45 நாள். இரண்டும் சேர்ந்து 75 நாள் ஆகிவிடும். தாள் கைக்கு வந்த பிறகு வழக்கறிஞரைப் பார்த்து, படிக்கவைத்து, மனு எழுத எஞ்சுவது இரண்டு வாரம். தகவல் உரிமைச் சட்டம் நல்ல கருவி. ஆனால் இந்தக் காலக்கெடுவுக்கு அது ஈடுகொடுக்காது. அதனால்தான் கேட்காமலேயே, தேடக் கூடிய வடிவில் வெளியிடுவது உரிமையின் சாரமாகிறது.

ராமநாதபுரம் மாவட்டத்து நிகழ்வு இதற்கு அண்மைச் சான்று. அங்கே 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மாநில ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி தந்தது. ஆகஸ்டில்தான் செய்தி பரவலாகத் தெரியவந்து எதிர்ப்பு எழுந்தது. அனுமதியைத் திரும்பப் பெறும்படி தமிழ்நாடு அரசு ஆணையத்துக்கு அறிவுறுத்தியது. இடைப்பட்ட ஐந்து மாதம் மேல்முறையீட்டுக் காலத்தைவிட நீளமானது. 2020 ஜனவரியில் செய்த திருத்தம் எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களை மக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படாத பிரிவுக்கு மாற்றியிருந்தது. கருத்துக்கேட்புக் கூட்டம் இருந்திருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வந்திருக்கும். ஆட்சியர் தலைமையில் ஊர் கூடியிருக்கும். கூட்டம் இல்லாத இடத்தில் மக்களுக்கு மிஞ்சுவது இணையதளம் ஒன்றே. அதுவும் ஊர்ப் பெயருக்குப் பதில் சொல்லாவிட்டால் அறியும் வழி முற்றாக அடைபடுகிறது.

மொழி

2020-இல் புதிய தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு கருத்துக் கேட்பதற்காக வெளியானபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மற்ற மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. தமிழில் படித்துக் கருத்துச் சொல்லும் உரிமையையே வழக்காடிப் பெற வேண்டியிருந்தது.

கடலுக்கு அப்பால் இலங்கையில் நடைமுறை வேறு. 1980-ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988-இல் செய்த திருத்தத்தின்படி, தாக்க மதிப்பீட்டு அறிக்கை எங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி நாளிதழ்களிலும் வர வேண்டும். கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. நடைமுறையில் அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் மூன்று மொழி என்பது அங்கே சட்டத்தின் சொல். நமது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவும் உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. கருத்துக்கேட்புக்கான அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் தரப்படுவதும் உண்டு. ஆயினும் இறுதி ஆணையும் நிபந்தனைகளும் அரையாண்டு அறிக்கையும் ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகின்றன. நிபந்தனை மீறப்பட்டதா என்று பார்க்க வேண்டியவர் வயலில் நிற்கிறவர். அவருக்குப் புரியாத மொழியில் நிபந்தனை இருந்தால், மீறலைக் கண்ணால் கண்டாலும் அது மீறல் என்று அவருக்குத் தெரியாது.

தாள் கைக்கு வந்தபோது நடந்தவை

ஆவணங்களின் வலிமைக்கு இந்தக் கடற்கரையே சாட்சி. தஞ்சை, நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, நிலத்தடி நீர் உவர்ந்து, நெல்வயல்கள் பாழான நாள்களில், கிராமிய சுயராஜ்ய இயக்கத்தின் சார்பில் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனத்தை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, பாரம்பரிய முறைகள் தவிர்த்த இறால் பண்ணைகளைக் கடலோர மண்டலத்திலிருந்து அகற்றச் சொன்னது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. மக்களின் குறை எழுத்திலும் அளவிலும் பதிவானபோதுதான் அதற்குச் சட்ட வலு கிடைத்தது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இத்தொழிலைப் பதிவு முறைக்குள் கொண்டுவந்தது. பதிவு என்று ஒன்று இருப்பதால்தான் ‘இந்தக் குட்டைக்குப் பதிவு உண்டா?’ என்று இன்றைக்கு நாம் கேட்க முடிகிறது.

மீத்தேன் திட்டத்தின் கதையும் அப்படியே. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2011 ஜனவரியில் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2012-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்தது. நிலத்தடி நீரை எவ்வளவு இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கும் என்ற விவரம் ஊர்களுக்குத் தெரியத் தெரிய எதிர்ப்பு வலுத்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்த எதிர்ப்புப் பிரச்சாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். அரசு அமைத்த நிபுணர் குழுவின் ஆய்வுக்குப் பின் 2015-இல் திட்டம் தடை செய்யப்பட்டது.

2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. ஒரு கிணறு பழையதா புதியதா, பழைய அனுமதியின் எல்லைக்குள் நடக்கிறதா, அதைத் தாண்டியதா என்பதை முடிவுசெய்வது அனுமதித் தாளின் தேதியும் அதில் எழுதியுள்ள அளவுகளும்தான். தாளைப் பார்க்க வழியில்லாத ஊருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் அரைகுறையாகவே வந்து சேரும்.

முடியும் என்பதற்குச் சான்று

ஊர்வாரியாகத் தமிழில் தேடும் ஏற்பாடு கடினம், செலவு பிடிக்கும், மக்கள் படிக்க மாட்டார்கள் என்ற எதிர்வாதங்களைக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் தமிழ்நாட்டு வருவாய்த் துறையே பதில். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்ற வரிசையில் தமிழிலேயே இணையத்தில் பார்க்க முடிகிறது. டெல்டா விவசாயி வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியிலோ இ-சேவை மையத்திலோ அதை எடுத்துக்கொள்கிறார். தன் நிலத்தைப் பற்றிய தாள் தன் மொழியில், தன் ஊர்ப் பெயரில் கிடைத்தால் மக்கள் தேடிப் படிப்பார்கள். தொழில் ரகசியம் என்ற வாதமும் இங்கே செல்லாது. கழிவுநீரின் அளவும் புகையின் அளவும் நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமான ரகசியம் ஆகா. அவற்றைக் குடிப்பவரும் மூச்சில் இழுப்பவரும் நாம்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. சுற்றுச்சூழல் அனுமதி, கடலோர மண்டல அனுமதி, இசைவாணை, இறால் பண்ணைப் பதிவு ஆகிய நான்கையும் வருவாய்க் கிராமத்தின் பெயரோடும் புல எண்ணோடும் இணைத்து ஒரே பக்கத்தில் தமிழில் காட்ட வேண்டும். மாவட்டம் பிரிந்தால் பழைய கோப்புகளும் புதிய மாவட்டத்தின் பெயரில் தேடக் கிடைக்க வேண்டும். விண்ணப்பம் வந்த அன்றைக்கே ஊராட்சிக்குத் தகவல் போக வேண்டும். ஆணை வெளியான பிறகு தெரிவது பாதி உரிமைதான்.

அரசு இதைச் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் ‘எங்கள் ஊராட்சி எல்லைக்குள் நடப்பில் உள்ள அனுமதிகளின் பட்டியலும் நிபந்தனைகளும் தமிழில் வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி, மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்பலாம். ஊரில் படித்த இளைஞர் இருவர் மாதம் ஒருமுறை மூன்று மாவட்டப் பெயர்களிலும் தேடி, கிடைத்த தாள்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கலாம். மேட்டூரில் திறக்கும் தண்ணீரில் கடைசிப் பங்குதான் கடைமடைக்கு வந்து சேர்கிறது. தன்னைப் பற்றி எடுக்கும் முடிவுகளை அறிவதிலும் கடைமடை கடைசியில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடுத்த கிராம சபையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவோம்.